குட்டி விலங்கு வெள்ளி நாணயங்கள்: 9999 மட்டும் வாங்கினால் போதுமா?

பிப்ரவரி 3, மாலை (கேட்டவர்)

குட்டி விலங்குகள் உள்ள வெள்ளி நாணயங்களை மட்டும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். கரடிக்குட்டி, கோலா, பாண்டா, யானைக்கன்று இப்படி. இரண்டு முடிவோடு வந்திருக்கிறேன். ஒன்று, 9999 தூய்மை உள்ளவை மட்டும்தான். 925 என்றால் செம்பு கலந்தது, தொடப்போவதில்லை. இரண்டு, அச்சடித்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் போதும், விலை தானாக ஏறும். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இரண்டும் தப்பு. முதலில் தூய்மையைப் பார்ப்போம்.

ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1035 கிராம். .999 நாணயத்தில் வெள்ளி அல்லாதது அதிகம் போனால் 31 மில்லிகிராம். .9999 என்றால் 3 மில்லிகிராம். நீங்கள் பெரிதாக நினைக்கும் வித்தியாசம் 28 மில்லிகிராம்தான். கண்ணுக்கும் அது தெரியாது. போதாததற்கு, பல நாணயச்சாலைகள் மொத்த எடையைக் கொஞ்சம் கூட்டியே அச்சடிக்கின்றன. உள்ளே ஒரு அவுன்ஸ் வெள்ளி குறையாமல் இருக்கும்.

925 என்பது கலப்படம் அல்ல, அது ஸ்டெர்லிங். தூய வெள்ளி மென்மையானது, லேசான உரசலுக்கே கீறல் விழும். 7.5 விழுக்காடு செம்பு சேர்ந்தால் நன்றாகவே கெட்டிப்படும். செம்பு இருப்பதால் கொஞ்சம் சீக்கிரம் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் 925 வேண்டாம் என்று ஒதுக்கினால், உங்கள் தலைப்புக்கென்றே பிறந்த ஒரு தொகுப்பை முதல் நாளே கைவிடுகிறீர்கள்: கனடா 1996-இல் வெளியிட்ட ‘லிட்டில் வைல்ட் ஒன்ஸ்’. நான்கு 50 சென்ட் நாணயங்கள். மூஸ் (பெரிய மான் வகை) கன்று, மரவாத்துக் குஞ்சுகள், கூகர் (மலைச்சிங்கம்) குட்டிகள், கருங்கரடிக் குட்டிகள். நான்குமே ஸ்டெர்லிங். ஒவ்வொன்றும் 9.3 கிராம், விட்டம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். 9.3-ஐ 0.925-ஆல் பெருக்கினால் 8.60 கிராம் வெள்ளி, அதாவது கால் அவுன்ஸுக்குச் சற்று மேல்.

பிப்ரவரி 4

மற்ற தொடர்களையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் அல்ல, தேடினால் கிடைப்பவற்றை மட்டும்.

கனடாவே 2015 முதல் ‘பேபி அனிமல்ஸ்’ என்று 20 டாலர் முகமதிப்பில், ஒரு அவுன்ஸ், 9999 வெள்ளியில் ஒரு தொடர் போட்டது. ஆஸ்திரேலிய நாணயச்சாலையான பெர்த் மின்ட்டின் ‘புஷ் பேபீஸ்’ அரை அவுன்ஸ், 50 சென்ட், வண்ணம் பூசிய ப்ரூஃப் (மெருகேற்றி அடித்தது). முதல் தொடர் முடிந்தபின் 2013-இல் இரண்டாவதும் வந்தது. போலந்தின் ‘உலக விலங்குகள்’ தொடர் 1993-இல் தொடங்கியது. அதன் 20 ஸ்வாட்டி நாணயங்கள் பெரும்பாலும் 28.28 கிராம், 925, விட்டம் 38.61 மில்லிமீட்டர். அதில் தாயோடு குட்டிகளும் வரும் நாணயங்கள் உண்டு. செதுக்கு வேலைக்காகவே அந்தத் தொடரைப் பார்க்க வேண்டும். வண்ணம் இல்லாமலே உயிர் இருக்கும்.

பிறகு புல்லியன் வகை, அதாவது வெள்ளியின் மதிப்பை ஒட்டியே விற்பவை. சீன பாண்டா, சோமாலியா யானை, ஆஸ்திரேலிய கோலா. இவை மூன்றும் குட்டித் தொடர்கள் அல்ல. படம் மாறும்போது சில ஆண்டுகளில் குட்டி வரும், சில ஆண்டுகளில் வராது. ‘பாண்டா சேர்க்கிறேன்’ என்பதும் ‘பாண்டாக்குட்டி சேர்க்கிறேன்’ என்பதும் வேறு வேறு பட்டியல்கள். ஆண்டு வாரியாகப் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2011 பாண்டாவில் தாயும் குட்டியும் இருக்கும், அங்கிருந்து தொடங்கலாம்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது ஒன்று. 2001, 2002 பாண்டா இரண்டுக்கும் ஒரே படம். மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தால் போலி என்று பயப்பட வேண்டாம்.

பிப்ரவரி 6

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குட்டி விலங்கு நாணயத்தின் பெருமை முழுவதும் ரோமத்தில் இருக்கிறது. கழுகு, குதிரை நாணயங்களில் கோடும் வடிவமும் போதும். குட்டிக்கு அப்படியில்லை. கன்னத்துப் பஞ்சு மயிர், காதோர மெல்லிய முடி, பளிச்சென்ற பெரிய கண் இவை மழுங்கினால் களிமண் பொம்மைபோல் ஆகிவிடும். ஆகவே நான்காவது ஒன்பதைத் தேடும் நேரத்தில் அச்சு எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

மழுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உலோக ஓட்டம். வில்லையை, அதாவது இன்னும் அச்சு விழாத வெள்ளித் தட்டை, இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்தும்போது வெள்ளி இரு பக்கக் குழிகளுக்குள்ளும் ஓட வேண்டும். ஒரு பக்கம் குட்டியின் கன்னம் மிக உயரம். அதற்கு நேர் பின்னால், மறுபக்கத்தில், அரசி எலிசபெத்தின் கன்னமும் உயரம். இரண்டு குழியும் ஒரே இடத்தில் வெள்ளியை இழுத்தால் நடுவில் பற்றாது. அங்கே ரோமக் கோடுகள் வழவழவென்று போய்விடும். மூக்கு நுனி, இரு காதுகளுக்கு இடைப்பட்ட நெற்றி, முன்காலின் முட்டி இந்த மூன்று இடங்களையும் 5 அல்லது 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில் சாய்ந்த வெளிச்சம். விளக்கை அசைக்காமல் நாணயத்தை மெதுவாகச் சுற்றுங்கள். தலைக்கு மேல் டியூப்லைட் இருந்தால் ஒன்றும் தெரியாது.

மழுங்கல் தேய்மானத்தால் வந்ததா, அச்சுக் குறையா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. அச்சுக் குறை என்றால் அந்த இடத்திலும் சுற்றியுள்ள பளபளப்பு அறுபடாமல் ஓடும். தேய்ந்தது என்றால் உயரமான புள்ளியில் மட்டும் பளபளப்பு உடைந்து, சாம்பல் பூத்ததுபோல் வேறு நிறமாக இருக்கும். முதலாவதை விலை பேசி வாங்கலாம். இரண்டாவதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

ப்ரூஃப், புல்லியன் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், சரியாக விளக்கவில்லை. ப்ரூஃப் என்பது மெருகேற்றிய வில்லையை, மெருகேற்றிய அச்சால், ஒரு தடவைக்கு மேல் அழுத்திச் செய்வது. பின்புலம் கண்ணாடி, உருவம் பனி படர்ந்த வெண்மை. புல்லியன் வேகமாக, ஒரே அழுத்தில், ஆயிரக்கணக்கில் அடிப்பது. அச்சு தேயத் தேய ரோமமும் தேயும். ஆகவே ஒரே ஆண்டு, ஒரே படம் என்றாலும் இரண்டு புல்லியன் நாணயங்களின் ரோமம் ஒன்றுபோல் இருக்காது. முடிந்தால் பத்தைப் பரப்பி ஒன்றைப் பொறுக்குங்கள். ப்ரூஃபில் கண்களைப் பாருங்கள். குட்டியின் கண் பெரும்பாலும் வெண்முகத்துக்கு நடுவே கண்ணாடிபோல் மெருகிட்ட ஒரு சின்னக் குமிழ். அதில் மயிரிழைக் கீறல் ஒன்று விழுந்தாலும் முகமே கெட்டுவிடும்.

பிப்ரவரி 9 (கேட்டவர்)

ஒரு 9999 நாணயத்தில் கரடிக்குட்டி முதுகில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் துளி தெறித்ததுபோல் இரண்டு புள்ளிகள். துடைத்தால் போகவில்லை. விற்றவர் சரியாகக் கழுவவில்லையா?

பிப்ரவரி 9

விற்றவர்மேல் பிழையில்லை. இதற்குப் பால்புள்ளி என்று பெயர். நாணயம் ஆகுமுன் வில்லையைக் கழுவுவார்கள், சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். கழுவிய மருந்து முழுதாக அலசப்படாமல் நின்றால் சூட்டில் வெள்ளியின் மேற்பரப்போடு ஒட்டிவிடும். அதுவே பிறகு புள்ளியாக வெளிப்படுகிறது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். நாணயம் வெளிவந்த அன்று இருக்காது. மாதங்கள் கழித்து, சிலசமயம் ஆண்டுகள் கழித்துத் தோன்றும். மூடிய கேப்ஸ்யூலுக்குள்ளும் (நாணயம் வைக்கும் பிளாஸ்டிக் கூடு) தோன்றும், தரமிட்டு முத்திரை வைத்த பெட்டிக்குள்ளும் தோன்றும்.

கனடாவின் 9999 புல்லியன் இதற்குப் பேர்போனது. அதனால்தான் அந்த நாணயச்சாலை 2018-இல் மேப்பிள் லீஃப் நாணயத்துக்கு ‘மின்ட்ஷீல்டு’ என்ற பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. ஆக, ஒன்பதுகளை எண்ணி வாங்குவதில் இந்த இடைஞ்சலும் இருக்கிறது. இதற்கு முந்தைய கனடா புல்லியனை வாங்கும்போது, புள்ளி இல்லாதது இன்று இல்லாதது மட்டும்தான்.

எடுக்க முடியுமா? நாணயத்தைக் கெடுக்காமல் முடியாது. கடையில் விற்கும் வெள்ளி முக்கு மருந்து கறுப்பை எடுக்கும், பால்புள்ளியைப் பெரும்பாலும் தொடாது. அதோடு மேற்பரப்பையும் மெல்ல அரித்துவிடும். பென்சில் ரப்பர், பற்பசை, சமையல் சோடா, அலுமினியத் தாள் வைத்தியம் எதுவும் வேண்டாம். ரோமக் கோடுகள் ஒருமுறை மழுங்கினால் திரும்பாது.

பிப்ரவரி 10

கறுப்பு வேறு கதை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகின்றன. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கரி. ரப்பர் பேண்டு, கம்பளி, சாதாரண அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கந்தகம் சேர்த்த ரப்பர் நுரை எல்லாம் இதன் ஊற்றுகள். மரப்பெட்டியும் வெல்வெட்டும் அழகு, நீண்ட காலக் குடியிருப்புக்கு ஆகாது. ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும். நாணயத்தை நல்ல அக்ரிலிக் அல்லது பாலிஸ்டைரீன் கேப்ஸ்யூலில் வையுங்கள். நாணயச்சாலை கொடுத்த பெட்டி, சான்றட்டை இரண்டையும் தனியே பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது வாங்குபவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.

மென்மையான பிவிசி உறை நாணயத்துக்கு எதிரி. நாளாக ஆக அது அமிலத்தைக் கக்கி, பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாகப் படியும். 925-இல் செம்பு இருப்பதால் பச்சை இன்னும் சீக்கிரம் தெரியும். உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், மைலார் என்று விற்பார்கள்.

ஈரம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையும் ஈரம் காட்டும் அட்டையும் போட்டு, அட்டை நிறம் மாறினால் ஜெல்லை மாற்றுங்கள். ஜெல் கறுப்பைத் தடுக்காது, மெதுவாக்கும். கந்தகத்தைப் பிடிக்கத் தனிப் பட்டைகள் கிடைக்கின்றன, அவற்றையும் போடலாம்.

பிவிசி பிசுக்கோ கைரேகையோ பட்டுவிட்டால் தூய அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி அல்ல. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் அலசி, விளிம்பில் நிறுத்தி உலரவிடுங்கள். தேய்க்கவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதில் ஆபத்தான ஒரு விடுபடல். வண்ண நாணயத்துக்கு அசிட்டோன் கூடாது. கூடவே கூடாது. ‘புஷ் பேபீஸ்’ போன்றவற்றில் வண்ணம் அச்சு மை. அசிட்டோனில் அது சுருண்டு உரியும். கோலாக்குட்டி சில நிமிடத்தில் மொட்டையாகிவிடும். கண்ணில் கல் பதித்தவையும் அப்படித்தான், பசை கரையும்.

பாலிஸ்டைரீன் கேப்ஸ்யூலும் அசிட்டோனில் கரையும். நாணயம் முழுக்க உலர்ந்த பிறகே உள்ளே வையுங்கள்.

செயற்கையாகக் கறுப்பேற்றிய ‘ஆன்டிக்’ பூச்சு நாணயங்களை வெள்ளி முக்கு மருந்தில் போடாதீர்கள். நாணயச்சாலை போட்ட நிழல் முழுதும் போய்விடும்.

பிப்ரவரி 12

வண்ணம் என்றதும் இன்னொன்று. வாங்குமுன் நாணயத்தைச் சாய்த்துப் பாருங்கள். மைக்கு அடியில் ரோமம் செதுக்கப்பட்டிருக்கிறதா, இல்லை வழவழப்பான வெள்ளிமேல் வெறும் படமா? இரண்டாவது வகைக்கு நான் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அது வெள்ளித் தட்டில் ஒட்டிய புகைப்படம். செதுக்கு இருந்தால், செதுக்கிய கண்ணும் மைக் கண்ணும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குட்டி மாறுகண்ணோடு விழிக்கும். வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது, மை வெளுக்கும்.

பிப்ரவரி 14 (கேட்டவர்)

பாண்டாவில் போலி நிறைய என்கிறார்கள். வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பிப்ரவரி 14

முடியும். 0.01 கிராம் காட்டும் தராசும் ஒரு கேலிப்பரும் போதும்.

எடையும் எழுத்தும் பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. வெள்ளி பாண்டா 1983-இல் 27 கிராம், .900. 1989 முதல் ஒரு அவுன்ஸ், .999. 2016 முதல் 30 கிராம். ஆகவே 2016 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டு போட்டு ‘1 அவுன்ஸ்’ என்றும் எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 2015-இல் எடையும் தூய்மையும் எழுதாமலே வந்தது. அந்த ஓர் ஆண்டில் எழுத்து இல்லாதது குறையல்ல, எழுத்து இருப்பதுதான் குறை.

அடுத்தது அடர்த்தி. வெள்ளி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். செம்பு 8.96. பாண்டா அளவில் அச்சுப்பிசகாமல் செம்பில் வார்த்து வெள்ளி முலாம் பூசினால் 31.1 வர வேண்டிய இடத்தில் 26.6 கிராம்தான் வரும். எடையைச் சரிசெய்யப் போலிக்காரர் தடிமனை 17 விழுக்காடு கூட்ட வேண்டும், அது கேலிப்பரில் மாட்டும். எடை, விட்டம், தடிமன் மூன்றும் சேர்ந்து பொருந்தினால் பாதி பயம் தீர்ந்தது.

நீரில் எடுக்கும் எடை இன்னும் நம்பகமானது. தராசுமேல் ஒரு குவளை நீர் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் முழுதாக முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டுவதுதான் வெளியேற்றிய நீரின் எடை. உலர் எடையை அதால் வகுங்கள். 31.10 கிராம் நாணயம் ஏறக்குறைய 2.96 காட்ட வேண்டும், வகுத்தால் 10.5 வரும். 925 என்றால் 10.36, .900 என்றால் 10.31 அருகில். எண் குறைவாக வந்தால் அவசரப்பட வேண்டாம். ரோமக் கோடுகளுக்குள் ஒட்டிய காற்றுக் குமிழி இடத்தை அடைத்துக்கொண்டு வெளியேறும் நீரைக் கூட்டிக் காட்டும். நாணயத்தை நீருக்குள் லேசாக ஆட்டிக் குமிழியை விரட்டிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

ஈயத்தையும் தகரத்தையும் சரியான விகிதத்தில் கலந்தால் வெள்ளியின் அடர்த்திக்கு வந்துவிடலாம். அதைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் சாய்த்த வெள்ளிமேல் சிறிய நியோடிமியம் காந்தத்தை வழுக்கவிட்டால், உள்ளே எழும் சுழல் மின்னோட்டம் பிடித்திழுப்பதால் தயங்கித் தயங்கி இறங்கும். ஈயக் கலவையில் சட்டென்று விழும். செம்பிலும் தயங்கும், ஆனால் செம்பை ஏற்கெனவே தராசு பிடித்துவிட்டது. ஒரு சோதனை விட்டதை மற்றொன்று பிடிக்கும். தனித்தனியே எதையும் நம்பாதீர்கள்.

பிப்ரவரி 15

திருத்தம். மேலே சொன்ன நீர்ச் சோதனையும் காந்த வழுக்கலும் புல்லியனுக்கு மட்டும். ப்ரூஃபைக் கேப்ஸ்யூலிலிருந்து வெளியே எடுத்து நனைத்தால் கண்ணாடிப் பின்புலத்தில் நீர்த்தடம் நிற்கும். காந்தம் கோடு கிழிக்கும். ப்ரூஃப் என்றால் எடை, விட்டம், தடிமன், லென்ஸ் இவ்வளவோடு நிறுத்துங்கள். எடைகூட மூடிய கேப்ஸ்யூலோடு எடுத்து, அதே வகை வெற்றுக் கேப்ஸ்யூலின் எடையைக் கழிக்கலாம். கேப்ஸ்யூலுக்குக் கேப்ஸ்யூல் சில பத்து மில்லிகிராம் மாறும், போலியைக் கண்டுபிடிக்க அது தடையில்லை.

ஒரு அவுன்ஸ் என்று எழுதியது 31.4 கிராம் காட்டினால் பதற வேண்டாம், ப்ரூஃப் வகைகளில் இது சாதாரணம். 31.1-க்குக் குறைந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, கீழே மடித்த மெத்தென்ற துணி, பிடி விளிம்பில் மட்டும். பருத்திக் கையுறை வழுக்கும், நூலும் உதிரும். திறந்த நாணயத்துக்கு மேலே குனிந்து பேசாதீர்கள். எச்சில் துளி ஒன்று போதும், சில மாதத்தில் கறும்புள்ளியாகிவிடும்.

பிப்ரவரி 19

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, ஆனால் தேடலுக்கு உதவும். ஆங்கிலத்தில் ‘பேபி’ என்று தேடினால் பாதி நாணயங்கள் வராது. கரடி, சிங்கம், புலி, பாண்டாவுக்கு ‘கப்’. யானை, மூஸ், திமிங்கிலத்துக்கு ‘காஃப்’. கடல்நாய்க்கு ‘பப்’. மானுக்கு ‘ஃபான்’. கங்காரு, கோலா, வாம்பட்டுக்கு ‘ஜோயி’. 1996 தொகுப்பின் கூகர் குட்டிகளை ‘கிட்டன்’ என்றுதான் பட்டியலிட்டிருக்கும். ‘கப்’ போட்டால் சிக்காது.

நம் ஆல்பத்துக்குத் தமிழில் பெயர் எழுதுவதென்றால் எல்லாவற்றையும் குட்டி என்று முடிக்க வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பது தருகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எது எதற்கு என்றும் சொல்கிறது. நாய், பன்றி, புலி, முயலுக்குக் குருளை, நரிக்கும் அதுவே. யானைக்குக் கன்று. நவ்வி, உழை என்ற மான் வகைகளுக்கு மறி. பறவைக்குப் பார்ப்பும் பிள்ளையும். ஆக மரவாத்து நாணயத்தின் கீழே ‘மரவாத்துப் பார்ப்பு’ என்றும், புலி நாணயத்தின் கீழே ‘புலிக்குருளை’ என்றும் எழுதலாம். இத்தனை சொற்களை வைத்திருக்கும் மொழியில் பட்டியல் போடுகிறோம், பயன்படுத்திக்கொள்வோமே.

பிப்ரவரி 20 (கேட்டவர்)

கங்காருவுக்கு?

பிப்ரவரி 20

மரபியலுக்குத் தெரியாத விலங்கு. ‘கங்காருக் குட்டி’ என்றே எழுதுங்கள், பைக்குள் இருப்பதை வேண்டுமானால் ‘கங்காருக் குழவி’ எனலாம்.

பிப்ரவரி 26

உங்கள் இரண்டாவது முடிவை இத்தனை நாள் தொடவில்லை. அச்சடித்த எண்ணிக்கை.

சான்றட்டையில் இருப்பது பெரும்பாலும் உச்சவரம்பு. அடித்ததும் விற்றதும் அதற்குக் கீழே இருக்கலாம். விற்காமல் நின்றவை உருக்கப்படுவதும் உண்டு. நாணயச்சாலை பின்னாளில் வெளியிடும் விற்பனை எண்ணிக்கை கிடைத்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் போதாது, தேடுபவர்களும் வேண்டும். 1983 வெள்ளி பாண்டா ப்ரூஃப் 10,000 மட்டுமே. 2011 பாண்டா 60 லட்சம், 2012 பாண்டா 80 லட்சம். 1983-க்கு மதிப்பு வந்தது எண்ணிக்கையால் மட்டுமல்ல. பின்னால் ஆண்டுதோறும் பாண்டா சேர்க்கப் பெரும் கூட்டம் உருவானது. அந்த வரிசையின் முதல் நாணயம் அது. தீவு நாடுகளின் பெயரில் ஆண்டுக்கு ஏராளமான தலைப்புகளில் வரும் வண்ண நாணயங்களில் எண்ணிக்கை சில ஆயிரம்தான் இருக்கும். ஆனால் தொடர்ச்சி இல்லை, அதை நிரப்ப ஏங்குபவரும் இல்லை. பரிசாக வாங்கப்பட்டு, பரிசாகவே நின்றுவிடும்.

வாங்குமுன் ஒரு கணக்கு. நாணயத்திலுள்ள வெள்ளியின் அன்றைய மதிப்பால் கேட்கும் விலையை வகுங்கள். புல்லியனில் விடை 1-ஐ ஒட்டி இருக்கும். வண்ண ப்ரூஃபில் பல மடங்கு போகும். அந்த மடங்கில் வெள்ளிக்கு மேற்பட்டது முழுவதும் நீங்கள் செதுக்குக்கும் பெட்டிக்கும் புதுமைக்கும் கொடுப்பது. செதுக்குக்குக் கொடுப்பது உங்களோடு இருக்கும். புதுமைக்குக் கொடுத்தது அடுத்த ஆண்டுத் தொடர் வந்ததும் போய்விடும்.

பிப்ரவரி 27

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் சின்னத் தொடர்கள் எல்லாம் வீண் என்பதுபோல் தொனிக்கிறது. அப்படியல்ல. நான்கு, ஐந்து நாணயங்களோடு முடியும் ஒரு தொடரில் கடைசி நாணயத்தைக் கவனியுங்கள். முதலாவதை வாங்கியவர்கள் எல்லாரும் கடைசிவரை வருவதில்லை. பின்னாளில் தொகுப்பை முடிக்க நினைப்பவர் திணறுவது அந்தக் கடைசி ஒன்றில்தான். குறுந்தொடர் என்றால் முழுதாக முடித்துவிடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

மார்ச் 2

பின்பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். குட்டியைத் திருப்பினால் அரசியின் உருவம். அதைக் கொண்டே காலப் பொருத்தம் பார்க்கலாம். கனடாவில் 1990 முதல் 2003 வரை டோரா டி பெடெரி ஹன்ட் செய்த, மகுடம் சூடிய உருவம். 2003 முதல் சுசானா பிளன்ட் செய்த, மகுடம் இல்லாத உருவம். ஆக 1996 ‘லிட்டில் வைல்ட் ஒன்ஸ்’ நாணயத்தில் மகுடம் இருக்க வேண்டும், 2015 ‘பேபி அனிமல்ஸ்’ நாணயத்தில் இருக்கக் கூடாது. ‘புஷ் பேபீஸ்’ வந்த காலத்தில் ஆஸ்திரேலியாவில் இயன் ரேங்க் பிராட்லியின் உருவம். ஜோடி கிளார்க்கின் உருவம் அங்கே 2019-இல்தான் வந்தது. 2022 செப்டம்பரில் அரசி மறைந்தபின் 2023 பெர்த் கோலாவில் அரசியின் உருவத்தோடு 1952–2022 என்ற ஆண்டுகள் இருக்கும். அது நினைவுக் குறிப்பு, பிழை அல்ல.

விளிம்பில் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். கனடா, ஆஸ்திரேலியா, பாண்டா எல்லாவற்றிலும் குட்டி நேராக நின்றால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாக வந்தால் சந்தேகம்.

மார்ச் 8 (கேட்டவர்)

தரமிட்ட ‘70’ நாணயம் வாங்கினால் இத்தனை பாடும் மிச்சம்தானே?

மார்ச் 8

பாதி மிச்சம். தரமிடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் 1 முதல் 70 வரையிலான அளவில் தரம் இடுகின்றன. ப்ரூஃபுக்கு முன்னது ‘பிஆர்’ என்றும் பின்னது ‘பிஎஃப்’ என்றும் எழுதும், புல்லியனுக்கு ‘எம்எஸ்’. உண்மையான நாணயம் என்ற உறுதி கிடைக்கிறது, அது பெரிது. ஆனால் 70 என்பது 5 மடங்கு லென்ஸில் குறை தெரியவில்லை என்பதற்கான எண். ரோமம் எவ்வளவு அழகாகச் செதுக்கப்பட்டது என்பதற்கு மதிப்பெண் இல்லை. படத்திலேயே மொண்ணையாக வடித்த குட்டியும் 70 வாங்கும். தற்கால ப்ரூஃபில் 69-ம் 70-ம் வெறுங்கண்ணுக்கு ஒன்றே. விலையில் மட்டும் பெரிய இடைவெளி. சேர்ப்பதற்கு 69 தாராளமாகப் போதும். தரமிட்ட பெட்டிக்குள்ளும் பால்புள்ளி வரும் என்று முன்பே சொன்னேன். விற்பவர் காட்டும் பழைய படத்தை நம்பாமல் புதிதாக எடுத்த படம் கேளுங்கள்.

மார்ச் 9 (கேட்டவர்)

சரி, 1996 கனடா தொகுப்பில் தொடங்குகிறேன். 925-தான்.

மார்ச் 9

நல்லது. வாங்குமுன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: சாய்ந்த வெளிச்சத்தில் படப்பக்கம், அதே வெளிச்சத்தில் அரசியின் பக்கம், நாணயம் இருக்கும் உறை. நான்கு நாணயங்களில் எது மங்கியிருந்தாலும் கரடிக்குட்டிகளின் மூக்கையும் மூஸ் கன்றின் நெற்றியையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்டெர்லிங் என்பதால் விளிம்போரம் லேசான பொன்மஞ்சள் படர்ந்திருக்கலாம். அது சீராக இருந்தால் விட்டுவிடுங்கள், மருந்தில் முக்க வேண்டாம். பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும் அசிட்டோன். உங்களுக்கு விற்பது வண்ணமில்லாத நாணயம்தானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு. கேப்ஸ்யூல் வாங்கும்போது ‘அரை டாலர்’ என்ற பெயரை நம்பாதீர்கள். அமெரிக்க அரை டாலர் 30.6 மில்லிமீட்டர், அதன் கேப்ஸ்யூலில் இந்த 27 மில்லிமீட்டர் நாணயம் ஓடி ஆடி விளிம்பைத் தேய்த்துக்கொள்ளும்.